குடும்பப் பெயர்

எங்கள் மலைநகரமான நாரினின் நூலகப் பின்னறையில் வாரம் மூன்று நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு ஜெர்மன் ஆரம்ப வகுப்பு. மாணவர்கள் ஒன்பது பேர். நான் ஒருவன்தான் கல்லூரிக்காரன். இங்கே வந்தால் அங்கே வருகைப்பதிவில் சலுகை உண்டு என்று சேர்ந்தவன். மற்றவர்களுக்கு நிஜமான காரணங்கள் இருந்தன.

சல்கினை அக்காவின் காரணம் அவள் கணவர். ஹாம்பர்க் பக்கத்தில் நான்கு வருடமாக லாரி ஓட்டுகிறார். மனைவியை அழைத்துக்கொள்ள ஜெர்மனிக்காரன் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான்: ஆரம்பத் தேர்வில் அவள் வாயைத் திறந்து பேசிக் காட்ட வேண்டும். முப்பத்தொன்பது வயதில் நோட்டு வாங்கி, அட்டை போட்டு, பால் கறக்கும்போதும் வினைச்சொற்களை மனப்பாடம் செய்தாள். அவர்கள் வீட்டுப் பசு இரண்டாவது வாரமே ஜெர்மன் புரிந்துகொண்டதாகக் கேள்வி.

அவர்கள் கிராமத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் பழைய காரில் அவளைக் கூட்டி வருபவர் மாமனார். எண்பத்தொரு வயது. படிக்க வரவில்லை, குளிர்காய வந்தேன் என்று எல்லோரிடமும் அறிவித்துவிட்டு, அறையைச் சூடாக்கும் அடுப்பருகே உட்காருவார். நாங்கள் இருபது வரை எண்ணும்போது மட்டும் அவர் உதடுகளும் அசையும்.

முதல் பாடமே சிக்கலாகிவிட்டது. பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன? எங்கள் ஊர் மருமகள்கள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. இது சட்டமல்ல, சட்டமாக இருந்தால் எப்போதோ மீறியிருப்போம். ஆனால் பாஸ்போர்ட்படி சல்கினை அக்காவின் குடும்பப் பெயர் தோக்தோசுனோவா. மாமனார் தோக்தோசுனின் பெயர், பின்னால் ஒரு ஓவா. பதினேழு வருடமாக எந்த அலுவலகத்திலும் அவள் அதைச் சொன்னதில்லை. பாஸ்போர்ட்டை நீட்டிவிடுவாள்.

ஆசிரியை பெகிமாய் கேட்டதும் எழுந்து, தெளிவான ஜெர்மனில், தன் பெயர் சல்கினை என்றும் குடும்பப் பெயர் ஓவா என்றும் சொன்னாள்.

"நடுவுல ஒண்ணு காணுமேக்கா."

"அது அடுப்புப் பக்கத்துல உக்காந்திருக்கு டீச்சர்," என்றேன் நான்.

வகுப்பு சிரித்தது. சல்கினை அக்கா கழுத்துவரை சிவந்தாள்.

ஆறு வாரத்தில் கடிகாரம், காய்கறி, பல்வலி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. குடும்பப் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஊமையாகிவிடுவாள். தேர்வில் முதல் கேள்வியே அதுதான், பாஸ்போர்ட்டை நீட்டினால் மதிப்பெண் தரமாட்டார்கள் என்று பெகிமாய் பலமுறை சொல்லிவிட்டாள். அப்பா காதிலா விழப்போகிறது என்று கணவர் தொலைபேசியில் தைரியம் கொடுத்தாராம். மாட்டுக் கொட்டகையில் தனியாக முயன்று பார்த்தாளாம். வரவில்லை.

"அவர் உயிரோட இருக்கார்னு நாக்குக்குத் தெரியுது தம்பி," என்றாள்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு மாதிரித் தேர்வு. கொஞ்ச நேரம் காரில் இருக்க முடியுமா என்று பெகிமாய் கிழவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். வெளியே மைனஸ் இருபத்துநான்கு.

"என் பேருக்காக நான் ஏம்மா வெறைச்சுச் சாகணும்?" என்றவர், மருமகளைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: "சொல்லட்டும். அங்க என் மகன் தனியா பொங்கித் தின்னுக்கிட்டிருக்கான்."

சல்கினை அக்கா எழுந்தாள். பெரியவர்களை வணங்கும் முறைப்படி அடுப்பின் பக்கம் திரும்பி மூன்று முறை இடுப்புவரை குனிந்தாள். ஜெர்மன் பாடத்திட்டத்தில் அது இல்லை. பிறகு ஆரம்பித்தாள்.

"என் குடும்பப் பெயர்... தோக்தோசுன்..."

அத்தோடு நின்றுவிட்டாள்.

"வந்துட்டேங்க," என்றார் கிழவர்.

மூத்தவர்கள் கூப்பிட்டால் சின்னவர்கள் சொல்லும் பதில் அது. அவர் யோசித்துச் சொல்லவில்லை. கால்கள் தாமாக எழுந்துவிட்டன. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பையனைப்போல நின்றார். எதற்கும் ஒரு கிண்டல் கைவசம் வைத்திருப்பவன் நான். அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மூத்தவர் வேண்டும், இல்லையென்றால் சம வயதுக்காரர் வேண்டும். அண்ணன் போய்ப் பதினோரு வருடம். கூட விளையாடியவர்கள் எல்லோரும் மண்ணுக்குள். மனைவி கடைசிவரை பெயர் சொன்னவளில்லை. ஒரு மனிதரைக் கூப்பிட இந்தப் பூமியில் ஆளே இல்லாமல் போயிருக்கிறது; நாங்கள் அவரைத் தினமும் தாத்தா என்று மரியாதையாக அழைத்துக்கொண்டிருந்தோம்.

"...ஓவா," என்று முடித்தாள் சல்கினை அக்கா. கண்ணில் நீர் வழிந்தது. உச்சரிப்பில் பிழையில்லை.

பெகிமாய் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தாள். கிழவர் இன்னும் உட்காரவில்லை.

"டீச்சர், எனக்குச் சரியாக் காதுல விழல. அங்க பரீட்சை வைக்கிறவங்களுக்கும் விழாமப் போயிடப்போகுது. இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க."

சொன்னாள். அன்று அவருக்கு நான்கு முறை காது கேட்கவில்லை. நான்காவது முறை சொன்னபோது அவள் தலை நிமிர்ந்திருந்தது.