சென்றாயன் மறந்தவை

"ஏனுங்கத்தே, மாமன் மறந்துபோட்ட எருது இப்ப எங்க மேயுது?" என்று ஐந்து வயது அத்தாயி பக்கத்து வீட்டுக் கண்ணாயியைக் கேட்டது, யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன வருஷத்தில். கேள்வியில் தப்பில்லை. மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர்ச் சென்றாயன் எதை மறந்தாலும் அது மறைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு மட்டுமல்ல, எல்லோர் கண்ணுக்கும். முதலில் அரிவாள் போயிற்று. பிறகு செவலை எருது. அதன் கழுத்து மணி மட்டும் கொஞ்ச காலம் தொழுவத்தில் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. ஐப்பசி மழையில் வீட்டு வாசலே மறைந்தபோது அவர் மனைவி கண்ணாயி சுவரைத் தடவித் தடவி உள்ளே போய் வந்தாள். "இருக்கிற வேலை பத்தாதுன்னு இது வேற," என்றாள். குழந்தைக்கும் அதே எரிச்சலில்தான் பதில் சொன்னாள்: "உன்ற தலை மேல மேயுது, போ சாமி."

எரிச்சலுக்குக் காரணம் எருது அல்ல. அந்த வாரம் சென்றாயன் அவளையே பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டிருந்தார். கேட்டவுடன் அவள் பாதங்கள் மறைந்தன. மறுபடி கேட்டபோது முழங்கால் வரை போயிற்று. காலில்லாத சேலை குடத்தோடு ஊற்றுக்குப் போய் வருவதை ஊர் பார்த்துப் பழகிக்கொண்டது. கண்ணாயிக்குத்தான் பழகவில்லை. மிச்சமும் போய், மணிச் சத்தத்தைப் போல் தன் குரலும் நின்றுவிட்டால் இந்த மனுஷனுக்கு யார் சோறு போடுவது?

மிளகு வாங்கப் புளியஞ்சோலை வழியாக மலையேறி வரும் அப்துல் அலீம் ராவுத்தர்தான் வழி சொன்னார். அவருடைய தாயாருக்கும் இப்படித்தான் மறதி வந்ததாம். கீழ்நாட்டில் பொருள்கள் மறைவதில்லை, மனசு மட்டும்தான் நோகும். "சும்மா உக்கார வெக்காதீங்க அம்மிணி. காலையில மெதுவா நடத்துங்க. விரலுக்கு வேலை குடுங்க. பேரைக் கேட்டு அவரு வாயாலயே சொல்ல வையுங்க. தப்பாச் சொன்னா வையாதீங்க."

"மத்ததெல்லாம் செஞ்சுபோடுவனுங்க. வையாம இருக்கறதுதானுங்க கஷ்டம்."

மறுநாளே தொடங்கினாள். விடிந்ததும் அவரை வரப்பு வரப்பாக நடத்தி ஒவ்வொரு வயலின் பெயரையும் கேட்டாள். பாறைக் களத்தில் கொஞ்சம் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, தெரியாத காலும் தெரிந்த காலுமாக இருவரும் மெல்ல மிதித்தார்கள். வெயில் ஏறியதும் முறத்தில் மொச்சையையும் துவரையையும் கலந்து அவர் முன் வைத்துப் பிரிக்கச் சொன்னாள். சில நாளில் அரிவாள் கூரையில் செருகியபடி தெரிந்தது. வாசலும் பாதி திரும்பி, குனிந்து நுழைய முடிந்தது. அவள் பாதங்களும் மங்கலாக வரத் தொடங்கின.

கெடுத்தது எங்கள் நல்ல மனசு. எங்கள் மலையில் தானியம் கலந்து கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. யார் வீட்டு முறமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுவோம். கண்ணாயி தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பாவாயி வந்தாள்.

"ஏன்டி, இதை ஏன்டி பிரிச்சே?"

"கலந்து கெடந்துச்சேக்கா. அண்ணன் தடுமாறுனாரு, பாவம்."

"நான்தான்டி கலந்தேன்!"

"அய்யோ, உங்களுக்கும் மறதியாக்கா?"

கண்ணாயி மறுபடி கலந்தாள்; மறுநாள் வேறொருத்தி பிரித்தாள். வயலின் பெயரை அவர் யோசிக்கும்போதே எதிரே வந்தவர்கள் முந்திக்கொண்டு சொன்னார்கள். எட்டுக் கை அம்மனைக் கும்பிடுகிற எங்களுக்கு, இரண்டு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் ஒரு புண்ணியம்தான் என்று தெரியவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை சென்றாயன் திரும்பவும் கேட்டார்: "நீங்க யாருங்க?" கண்ணாயி சேலையோடு முழுவதும் மறைந்தாள். அவள் திட்டு மட்டும் வீட்டுக்குள் கேட்டது. நாளாக ஆக அதுவும் மெலிந்தது. பாவாயி அழுதாள். அதன்பின் ஊரில் ஒருவரும் அந்த முறத்தைத் தொடவில்லை.

அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரே போயிருந்த பகலில் கண்ணாயி அவர் பின்னால் உட்கார்ந்து, சிக்குப் பிடித்திருந்த குடுமியை அவிழ்த்தாள். கல்யாணமான வருஷம் மலைக்காய்ச்சலில் அவள் எழ முடியாமல் கிடந்தபோது, சென்றாயன் மற்ற ஆண்கள் சிரிப்பார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு அவள் கூந்தலைத் தினமும் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. திருப்பிச் செய்ததும் இல்லை. இப்போது விளக்கெண்ணெய் தொட்டு, ஒவ்வொரு சிக்காக, இழுக்காமல் பிரித்தாள். சென்றாயன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "வலிக்குதா புள்ளெ?"

கூந்தலைப் பின்னிய நாட்களில் ஒவ்வொரு சிக்குக்கும் அவர் கேட்டது அது.

"இல்லீங்க," என்றாள் கண்ணாயி, அன்று சொன்னதைப் போலவே.

மறுநாள் பாவாயி வந்தபோது, முழங்கை முதல் விரல் நுனி வரை இரண்டு கைகள் முறத்தில் துவரையை மொச்சையோடு கலந்துகொண்டிருந்தன. "கை வந்துருச்சுங்களாக்கா?" என்றாள். "தெரியுதில்ல? தொடாம உக்காரு," என்றது குரல், பழைய கனத்தோடு. பாவாயி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கையைத் தவிர அவளில் மற்றவை திரும்பவில்லை. அந்தக் கைகளுக்கு ராவுத்தர் துறையூரிலிருந்து வளையல் வாங்கி வந்தார். சென்றாயனின் குடுமி அன்று முதல் படிய வாரி முடிந்திருந்தது. யார் வாரிவிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.