முன்பக்கம் பச்சை

நான்கே நாளில் என் வீட்டுக்காரர் எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. இதயம் பலவீனமானவருக்கு ஏறுவது சதையில்லை, நீர். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. எங்கிருந்தோ உப்பு உள்ளே போகிறது, இன்னும் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, உணவு ஆலோசகரிடம் என்னை அனுப்பினார் டாக்டர்.

என் சமையலில் உப்பா? மருந்துக்குக்கூடக் கிடையாது. என் சந்தேகமெல்லாம் நாத்தனார் மேல்தான். அண்ணன் வாய் திறந்து கேட்டால் மறுக்கத் தெரியாதவள். இன்று அவருக்குத் துணையிருக்க வேறு ஆளில்லாமல் அவளையே கூப்பிட வேண்டியதாயிற்று. வாசலில் நிறுத்தி அவள் கைப்பையைக் கொட்டிப் பார்த்தேன். சீப்பு, சாவி, கண்ணாடி. அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு இரக்கமே வரவில்லை.

"பன்னெண்டு மணிக்கு மேடையில இருக்கிற சூப் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடு. வேற எதுவும் அவர் வாய்க்குப் போகக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆலோசகர் அம்மா முன்னால் காலி சூப் பாக்கெட்டைப் பெருமையாக வைத்தேன். முன்பக்கத்தில் உப்புக்கு நேரே, குறைவு என்று காட்டும் பச்சை வட்டம். "பச்சை இல்லாத எதையும் நான் தொடறதில்ல."

"எப்படிக் கரைக்கிறீங்க?"

"முழு பாக்கெட்டும் ஒரு டம்ளர் தண்ணியில. தண்ணி குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரே. கெட்டியா இருந்தா தெம்பும் வரும். தினம் ரெண்டு வேளை."

அவர் வட்டத்துக்குக் கீழே விரலை வைத்தார். எறும்பு மாதிரி எழுத்து. "அந்தப் பச்சை ஒரு கிண்ணத்துக்கு. இந்தப் பாக்கெட் நாலு பேருக்கு. நீங்க நாலு பேர் உப்பை ஒருத்தருக்கே குடுக்கிறீங்கம்மா. ஒரு நாளைக்கு அவருக்கு அனுமதிச்ச உப்பு முழுக்க இதுலயே போயிடுது."

உப்புக் கரிக்கிறது என்று என் வீட்டுக்காரர் முன்பே இரண்டு தடவை சொன்னார். நாக்கு செத்துப்போச்சு உங்களுக்கு என்று நான்தான் வாயை அடைத்தேன்.

சுவரில் மணி பன்னிரண்டு பத்து. இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக நாத்தனார் எடுத்தாள்.

"சூப் குடுத்துட்டியா?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கேக்குதா? குடிச்சிட்டாரா?"

"குடிச்சிட்டார் அண்ணி."

"எவ்வளவு?"

அவள் அழ ஆரம்பித்தாள். "பொய் சொல்லிட்டேன் அண்ணி. குடுக்கல. வாயில வச்சுப் பார்த்தேன், ஒரே உப்பு. கொட்டிட்டு வெறும் சோறு ஊட்டினேன். திட்டாதீங்க அண்ணி. வேணும்னா இனிமே நான் உங்க வீட்டுக்கு வரல."