வெளியே தெரிந்த தையல்

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ஆல்வின் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, இரண்டாம் வகுப்பு. காலையில் அம்மா மெர்சி பள்ளிக்கூடத்து நீல டீசர்ட்டைக் கையில் எடுத்தால் போதும், இரும்புக் கட்டிலுக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொள்வான். அப்பா ஜெரோம் விசைத்தறியில் வேலை செய்கிறவன். தறிக்கட்டைகளோடு மல்லுக்கட்டிப் பழகிய கை. அந்தக் கையாலும் பிள்ளையின் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஒரே ஒரு நாள் பிரித்தான். அன்றைக்குப் பிள்ளை கடித்த தழும்பு அவன் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

ஆட்டிசம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னபோது, காய்ச்சலைப் போல வந்து போகிற ஏதோ ஒன்று என்றுதான் மெர்சி நினைத்தாள். அது போகவில்லை. ஆல்வின் பேசுவதெல்லாம் பஸ் கண்டக்டர் பேசுவதுதான். சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் வீடு. "பல்லடம் திருப்பூர், பல்லடம் திருப்பூர், ஏறு ஏறு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பான். அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டது கிடையாது. ஆனாலும் போன வருஷம் பள்ளிக்கூடம் போனான். கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். இந்த வருஷம்தான் என்ன ஆயிற்றோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

வாய் இருக்கிறவர்கள் எல்லாம் வைத்தியம் சொன்னார்கள். "நாலு சாத்து சாத்துனீங்கன்னா தன்னால போவானுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். உபவாச ஜெபம் வைக்கலாம் என்றார்கள் சர்ச்சில். மெர்சி ஜெபத்திலும் உட்கார்ந்தாள். ஒரு நாள் அடிக்கவும் அடித்தாள். அன்றைக்கு அவன் அழவில்லை. அவள்தான் சமையல்கட்டில் போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். புத்தி சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு இவள் எங்கே போவாள்?

வாரம் ஒரு தடவை கோயமுத்தூருக்கு பஸ் ஏறித் தெரபிக்கும் கூட்டிக்கொண்டு போனாள். "கட்டாயப்படுத்தாதீங்க. எது அவனுக்கு வலிக்குதுன்னு பாருங்க" என்றாள் அங்கே இருந்த பெண். பார்க்கலாம்தான். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எங்கே வலிக்கிறதென்று எப்படிப் பார்ப்பது?

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "நாங்களும் எத்தன நாளைக்குங்க பாக்கறது? இந்த மாசம் முடியறதுக்குள்ள வந்துட்டான்னா வெச்சுக்கறோமுங்க. இல்லாட்டி ஸ்பெஷல் ஸ்கூல்தான் பாத்துக்கோணும்" என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லவில்லை, நல்லவிதமாகத்தான் சொன்னார். அவர் சொன்ன ஸ்பெஷல் ஸ்கூல் கோயமுத்தூருக்கு அந்தப் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், பிள்ளையோடு பகல் முழுக்க ஒருவர் இருக்கவும் வேண்டும். மெர்சி வேலையை விட்டால் ஜெரோம் சம்பளம் ஒன்றை வைத்து வீடு ஓடாது. அது கூடப் போகட்டும். மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாக ஆல்வின் உட்கார்ந்திருந்த இடம் இந்த உலகத்தில் அந்தக் கடைசி பெஞ்ச் ஒன்றுதான். படியேறிய மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவை. இதையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்று மெர்சிக்குத் தெரியும்.

மெர்சி பனியன் கம்பெனியில் டெய்லர். அங்கே துணியின் உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துத்தான் தைப்பார்கள். தைத்து முடித்ததை நல்ல பக்கம் திருப்பிப் போடுவதற்கென்றே தனியாக ஆள் உண்டு. ஒரு சனிக்கிழமை, சூப்பர்வைசர் நஞ்சுண்டன் கழிவில் கிடந்த சின்னப் பனியன் ஒன்றை எடுத்து, "பையனுக்கு ஆகுமுங்க, கொண்டு போங்க" என்று கொடுத்தார். இன்னும் திருப்பாத பனியன். மெர்சி அதைக் கட்டில்மேல் போட்டுவிட்டு உலை வைக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் ஆல்வின் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தானாகவே! சட்டை போட்டுவிடுவது என்றாலே ஒரு யுத்தம் நடக்கிற வீடு அது. மறுநாளும் அவன் அதைக் கழட்டவில்லை. கட்டிலுக்கு அடியிலும் போகவில்லை.

"உள்பக்கத்த வெளிய போட்டிருக்கான் பாரு" என்று ஜெரோம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

"தொடாதீங்க! உடுங்க, அப்படியே இருக்கட்டும்" என்று கத்தினாள் மெர்சி. கத்திய பிறகுதான் ஏன் கத்தினோம் என்பது அவளுக்கே பிடிபட்டது.

எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்து நீல டீசர்ட்டை எடுத்தாள். புதுசு. இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் வேறு எங்கோ தைக்கக் கொடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கியிருந்தார்கள். கையை உள்ளே விட்டுத் தையலைத் தடவினாள். முரட்டு நூல். அக்குளிலும் தோளிலும் மடிப்பு கயிறு மாதிரி நின்றது. பின்கழுத்தில் ஒரு லேபிள், நகம் போல விறைப்பாக. கல்யாணமான நாளிலிருந்து இதே தையலைத்தான் அவள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்தவன் பிள்ளைக்கு நூல் குத்தக் கூடாதென்று பார்த்துப் பார்த்துத் தைத்தவளுக்குத் தன் பிள்ளை முதுகில் குத்துகிறது தெரியவில்லை. அவளுக்குத் தன் கையையே கடித்துக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நஞ்சுண்டனிடம் கேட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். டீசர்ட்டை முழுக்கப் பிரித்து, தையலெல்லாம் வெளிப்பக்கம் வரும்படி மெல்லிய நூலில் மறுபடி தைத்தாள். லேபிளை வெட்டி எறிந்தாள். உள்ளே கையை விட்டால் வழவழவென்று இருந்தது. வெளியே பார்த்தால், அவசரத்தில் திருப்பி மாட்டிய சட்டையைப் போலத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவன் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டு, "பல்லடம் திருப்பூர்" சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்தபடி தெருவில் நடந்தான். மெர்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

வகுப்பு டீச்சர் ரம்ஷா சின்னப் பெண், இளகின மனசு. மெர்சி அவளைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். "அதுக்கென்னக்கா, அப்படியே போட்டுட்டு வரட்டும். நான் பாத்துக்கறேன்" என்றாள் ரம்ஷா. பெரிய டீச்சரிடம் மெர்சி சொல்லவில்லை. யூனிபார்மைப் பிரித்துத் தைத்தது தெரிந்தால் என்ன சொல்வாரோ என்ற பயம். மற்றவர்களிடம் சொன்னால் அது நாலு வாய்க்குப் போகும், ஆல்வினை மறுபடியும் ஒரு வேடிக்கைப் பொருளாக்கும். இத்தனை நாள் பட்டது போதாதா?

அந்த வாரம் முழுக்க அவன் போனான். ஜெரோம் தறிக்குடோனில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். மெர்சி மிஷினில் இருந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசி என்று பக்கத்து டெய்லரிடம் பொய் சொன்னாள். நம்பிக்கை வந்துவிட்டால் மனுஷருக்குப் புத்தி மழுங்கிப் போகிறது. அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பு என்றுகூட அவள் நினைத்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம் நடுவில் ஒரு நாள், டீ இடைவேளை முடிந்து மிஷினை ஓட்டத் தொடங்கிய நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. "அம்மணி, உடனே கெளம்புங்க, தெச்சுட்டிருக்கற பீஸ நான் பாத்துக்கறேன்" என்றார் நஞ்சுண்டன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். உள்ளே, கடைசி பெஞ்சுக்கு அடியில், மேலே சட்டையில்லாமல் ஆல்வின். மார்பெல்லாம் அவனே பிராண்டிய நகக்கீறல். முகத்தில் யாரோ பவுடர் பூசியிருந்தார்கள், அதில் கண்ணீர் இறங்கிக் கோடு கோடாக இருந்தது. தலையைப் பெஞ்சின் காலில் முட்டிக்கொண்டிருந்தான். மேசையின்மேல் அந்த நீல டீசர்ட். நல்ல பக்கம் திருப்பப்பட்டு, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"யாருங்க கழட்டுனது?" என்று கேட்டாள் மெர்சி.

"யாரும் ஒண்ணும் பண்ணலீங்க" என்றார் பெரிய டீச்சர். "ரம்ஷா டீச்சர் ட்ரெய்னிங் போயிட்டாங்க. ஐடி கார்டுக்குப் போட்டோ எடுக்க ஆள் வந்திருக்காரு. சட்ட உள்பக்கம் வெளிய இருந்துச்சுன்னு ஆயா திருப்பிப் போட்டுவிட்டாங்க, அவ்வளவுதான். அதுக்குப் போயி இப்படிப் பண்றானுங்க."

அவ்வளவுதான். சொன்னால் அவ்வளவுதான். மெர்சி பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பிள்ளையைத் தொட்டாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். சட்டை தைத்த கை, சட்டை கழட்டிய கை என்று அவன் வித்தியாசம் பார்க்கவில்லை. ஜெரோம் வந்து ஒரு போர்வையில் சுற்றித்தான் வீட்டுக்குத் தூக்கிப் போக முடிந்தது.

அதற்குப் பிறகு அவன் கட்டிலுக்கு அடியிலேயே குடியிருந்தான். கழிவுப் பனியனைத் தவிர வேறு எதையும் உடம்பில் ஏற்றவில்லை, அதைத் துவைக்கவும் கொடுக்கவில்லை. பஸ் பேரெல்லாம் நின்றுபோயின. வெளியே கண்டக்டர் கத்தினாலும் பதில் சொல்லவில்லை. அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் மெர்சிக்கு மூச்சு முட்டியது. ரம்ஷா போன் பண்ணி அழுதாள். மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தெரபிப் பெண் பொறுமை வேண்டும் என்றாள். பொறுமை வேண்டிய மட்டும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் மெர்சிக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டியது ஆயா மாசாணியம்மாள். கையில் வர்க்கிப் பொட்டலம். கம்பெனியில் மிஷின் ஓட்டும்போதெல்லாம் மெர்சி இந்தப் பெண்ணை மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள், நேரில் பார்த்தால் கேட்பதற்கு நறுக்கென்று நாலு கேள்வியும் வைத்திருந்தாள். ஆனால் வந்தவள் உள்ளே நுழைந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குச் சோறு எறங்கலீங்க அம்மணி" என்றாள். "போட்டோக்காரன் வந்துபோட்டான். எல்லாப் புள்ளைகளும் சீவி சிங்காரிச்சு நிக்குதுங்க. இவன் சட்ட உள்பக்கமா இருக்குது. போட்டோவுல அப்படியே உழுந்துபோச்சுன்னா, பாக்கறவங்க அவங்கம்மாளத்தான சொல்லுவாங்க? பெத்தவ கண்டுக்கறதில்லையாட்ட இருக்குதுன்னு பேசுவாங்க. எனக்கு அது பொறுக்கலீங்க. உங்களுக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுன்னுதானுங்க மூஞ்சி தொடச்சு, பவுடரு போட்டு, சட்டையத் திருப்பிப் போட்டுவுட்டேன்."

மெர்சிக்கு வைத்திருந்த கேள்வியெல்லாம் மறந்து போயிற்று. இவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவளே செய்திருப்பாள், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நிற்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை.

"கழட்டறப்ப கத்துனானுங்களா ஆயா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லீங்க அம்மணி. அதத்தான் நெனச்சு நெனச்சு மாஞ்சு போறேன். கையத் தூக்கு கண்ணுன்னு ஒருக்காத்தான் சொன்னேன். உடனே ரெண்டு கையவும் தூக்குனான். என்னயப் பாத்துச் சிரிச்சானுங்க. திருப்பிப் போட்டு, தோள்ல அது பட்டதுக்கப்பறம்தான்..." அவள் மறுபடியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மெர்சி சுவரில் சாய்ந்துகொண்டாள். வாரா வாரம் பஸ் ஏறிப் போய், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து, கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று சொல்லியும் செய்து காட்டியும் ஒரு நாளும் தூக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை சொன்னதும் தூக்கியிருக்கிறான். சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் அசைவு கேட்டது. மாசாணியம்மாளின் குரல் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆல்வின் மெல்ல வெளியே வந்தான். அத்தனை நாளில் யாரும் இழுக்காமல் அவனாக வெளியே வந்தது அதுதான். மெர்சிக்குள் ஒரு நப்பாசை எழுந்து நின்றது.

"கண்ணு, வா சாமி, ஆயா வந்திருக்கேன்" என்று மாசாணியம்மாள் கையை நீட்டினாள்.

அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பிறகு, யாரும் எதுவும் சொல்லாமலே, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஐயோ சாமி, வேண்டாங்கண்ணு, கைய எறக்கு" என்று அலறிக்கொண்டு மாசாணியம்மாள் பின்னால் நகர்ந்தாள்.

மெர்சி ஓடிப் போய் மண்டியிட்டு அவன் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "யாரும் கழட்ட மாட்டாங்க தங்கம். அம்மா சொல்றேன், யாரும் கழட்ட மாட்டாங்க. இனி உன்னைய எங்கயும் அனுப்பல" என்றாள். அவள் சொன்னது அவனுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. அவள் இறக்க இறக்க அவன் திரும்பத் திரும்பக் கையைத் தூக்கினான்.