மீதி ஒன்பது

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே பட்டறை ஆபீசில் உட்கார்ந்து 21649-ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன். மீதி பூஜ்யம் வந்தது. மறுபடி வகுத்தேன். மறுபடியும் பூஜ்யம். வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். நானோ கட்டிவந்த சோற்றைத் திறக்காமலே வைத்துவிட்டேன்.

பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் ஓர் எண் வரும்: 11111111111. ஒன்றையும் அந்த எண்ணையும் விட்டால், அதை மீதியில்லாமல் வகுக்கிற வேறு எண் உண்டா என்பது என் அக்கா மகதலேனாவின் கேள்வி. கிள்ளானில் கணக்கு டீச்சராக இருந்தவள். சயரோகம் என்று தெரிந்ததும் வேலையை விட்டு என் குவார்ட்டர்ஸுக்கு வந்து படுத்தவள். இரண்டு வருஷமாக, நாளுக்கு மூன்று நான்கு பகா எண்களாக நான் வகுப்பேன், அவள் சரிபார்ப்பாள். கணக்கில் நான் மக்கு. அதை எல்லோரிடமும் சொல்வதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். இன்னும் ஆறு வருஷ வேலை பாக்கி இருந்தது. போன மாசம் டாக்டர் என்னை வாசலுக்கு அழைத்து, கிறிஸ்துமஸைத் தாண்டாது என்று மெல்லச் சொன்னார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இந்த நம்பர் உடையுதா இல்லையான்னு தெரியாம நான் போகமாட்டேன்லா, டாக்டர்!"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான். ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவன் நம்பக்கூடிய விஷயமா இது என்றால், நம்பினேன். இப்போது எண் உடைந்து என் கையில் கிடந்தது.

பொய் சொல்வதும் லேசில்லை. இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளிச் சரிபார்ப்பாள். தவறான மீதி அதில் அகப்பட்டுவிடும். மீதியில் சரியாக ஒன்பது கூடியிருந்தால் மட்டும் அகப்படாது, ஒன்பதைத்தான் தள்ளிவிடுவாளே. அதனால் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் கணக்கை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் காகிதத்தை நீட்டினேன்.

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"வெயிலுதான்க்கா."

உதடசைய இலக்கங்களைக் கூட்டினாள், ஒன்பதுகளைத் தள்ளினாள். சரியாக வந்தது. நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் விரல் காகிதத்தை விட்டு எழவில்லை. 21649-இன் கடைசி ஒன்பதில் நின்றது; பிறகு ஈவு 513239-இன் கடைசி ஒன்பதுக்கு நகர்ந்தது. ஒன்பதொன்பது எண்பத்தொன்று, ஒன்றில் முடிகிறது. எங்கள் எண்ணும் ஒன்றில்தான் முடிகிறது. அதற்குமேல் ஒன்பது மீதி எங்கிருந்து வரும்? நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற கேள்வி. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இருமல் வந்து அடங்கியது. என்னையே பார்த்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"பேசிலு," என்று என் பெயரைச் சொல்லி அழைத்தாள்.

"என்னக்கா?"

"சரியாத்தான் இருக்கு. அடுத்தது 21661. நாளைக்கி வகுத்துக் கொண்டா."

சரியென்று தலையாட்டினேன். பயந்து பயந்து நான் எழுதிய ஒன்பது மங்கலாகக் கிடந்தது. அக்கா பென்சிலைக் கேட்டு வாங்கி, அந்த ஒன்பதின் மேலேயே அழுத்தி இன்னொரு முறை எழுதினாள்.