ஜன்னலில் தெரிந்த கை

எல்லாரும் சுகம்தானே? முழங்காலும் முதுகும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? நல்லது. நீங்கள் உட்கார்ந்தே கேளுங்கள். கிரேன்காரர்தான் பாவம், நிற்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

காலிக் குளிர்பெட்டியின் ஒரு முனை அவர் தோளில். மறுமுனை சில படிகள் கீழே, வெல்டரின் தோளில். சுற்றிலும் ஆளாளுக்கு நாட்டாமை.

"இப்படித் திருப்புங்க!"

"அப்படி இல்லய்யா, இப்படி!"

எது இப்படி, எது அப்படி? காட்டுகிற கை இல்லாவிட்டால் அந்த இரண்டு வார்த்தையும் செல்லாக்காசு. இந்த நேரத்தில் ரேடியோ இருந்திருந்தால் படியின் உச்சியில் நின்று ஒரு விரலை அசைத்திருப்பார், பெட்டி தானாக வீட்டுக்குள் போயிருக்கும். ஆனால் பெட்டியே ரேடியோவுக்காகத்தான் வருகிறது.

ரேடியோ என்பது கிரேன்காரருடைய தங்கை புருஷனுக்கு வேலையிடத்தில் விழுந்த பெயர். வாயைத் திறந்தால் மூட மாட்டார். கதவளவு மீன் பிடித்தேன் என்பார், முதலாளி என் தோளில் கை போட்டு டீ குடித்தார் என்பார். ரேடியோ சொன்னால் பாதியைக் கழித்துக்கொள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கை வேறு. கிரேன்காரர் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பார். கீழே என்ன கத்தினாலும் எட்டாது. சிக்னல் காட்டுபவர் ரேடியோ. விரல் வானத்தைப் பார்த்துச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கை தரையைப் பார்த்து அசைந்தால் இறக்கு. முஷ்டி மூடினால் நில். அந்தக் கையை நம்பித்தான் கிரேன்காரர் தலைகளுக்கு மேலே டன் கணக்கில் இரும்பைக் கொண்டுபோனார். அந்தக் கையை நம்பித்தான் தங்கையையும் கட்டிக்கொடுத்தார்.

ஒருவழியாகப் பெட்டி உள்ளே போனது. வெல்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மனுசன் சொன்ன மாதிரியே போயிட்டாருண்ணே."

"என்ன சொன்னான்?"

"இந்த மாசம் தாண்டாதுன்னு. ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனப்ப எங்க எல்லாருகிட்டயும் சொன்னாரே. டாக்டரே கையை விரிச்சுட்டாருன்னு. நாங்கதான், ரேடியோ நியூசு, பாதி கழிச்சுக்கன்னு சிரிச்சுட்டு வந்துட்டோம்." வெல்டர் நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும்ல?"

கிரேன்காரர் செருப்பு யாருடையது என்று பாராமல் ஒரு ஜோடியைக் காலால் ஒதுக்கிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போனார்.

அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே மாப்பிள்ளையிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "உன் வாயை நான் நம்ப மாட்டேன். கையைக் காட்டு. தேறிடும்னா தூக்கு. ஆகாதுன்னா முஷ்டி. நான் லீவு போட்டுட்டு வந்து உக்காந்துடுறேன்." ரேடியோவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கிரேன்காரர் வேலை முடிந்து வருவதற்குள் பார்வை நேரம் முடிந்துவிடும், காவலாளி விடமாட்டார். அதனால் கேட்டுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பார். கட்டில் ஜன்னலோரம். வேலையிடத்தில் மேலே இருந்தவர் இப்போது கீழே, கீழே இருந்தவர் மேலே. கை வெளியே வரும். விரல் வானத்தைப் பார்த்துச் சுற்றும். தூக்கு. கிரேன்காரர் நிம்மதியாகப் பஸ் ஏறுவார். நேற்று மாலையும் அப்படித்தான் ஏறினார்.

தங்கை, வந்தவர்களுக்குக் கொடுத்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாராவது வாங்கிக் கழுவுகிறேன் என்றாலும் கொடுக்கவில்லையாம்.

"அவனுக்குத் தெரியுமா?"

அவள் திரும்பவில்லை. "தெரியும்ணே."

"உனக்கு?"

"தெரியும்."

"வெல்டருக்குத் தெரியுது. டீக்கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும். கூடப் பொறந்தவன் நான் என்ன, ரோட்டுல போறவனா?"

"நீ மேல ஏறுறவன். மனசுல இதைச் சுமந்துட்டு ஏறினா லீவரைப் புடிக்கிற கை நடுங்கும்னாரு. கீழ நாலு பேரு நிக்கிறாங்க, மச்சான் சறுக்கினா அவங்க கதி என்னன்னாரு."

"அதை முடிவு பண்ண அவன் யாரு?"

"அவருதானே இத்தனை வருசமா முடிவு பண்ணாரு. தூக்குன்னா தூக்கினே, நில்லுன்னா நின்னே."

"ஊருக்கெல்லாம் வாயால உண்மையைச் சொல்லியிருக்கான்" என்றார் கிரேன்காரர். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு மட்டும் கையால பொய் சொல்லியிருக்கான்."

அவள் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "கடைசியில கை எந்திரிக்கவே இல்லண்ணே. உங்கண்ணன் வந்து நிக்கும், புடிடின்னு சைகை பண்ணாரு. நான்தான் கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு முழங்கையைத் தாங்கினேன். நீ பாத்தது அவரு விரலு, என் கை."

"நேத்து?"

அவள் குழாயைத் திறந்தாள்.

"நேத்து அவனுக்கு நினைவு இருந்துச்சா?"

தண்ணீர் டம்ளரில் விழுந்து, நிரம்பி, வழிந்துகொண்டே இருந்தது. அவள் மூடவில்லை.

ஒரு பொய் தனியாக வருவதில்லை, பழசையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வரும். பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பிக்கட்டு தவறி இறங்கி ஒரு ஹெல்பரின் காலை நசுக்கியது. விசாரணையில், நான் முஷ்டி காட்டினேன் என்றார் ரேடியோ. கிரேன்காரர் கண்ணுக்குத் தெரிந்தது உள்ளங்கை. இறக்கு என்றுதான் அது சொன்னது. ஆனாலும் அந்தக் கை பொய் சொல்லாது. அப்படியென்றால் பிசகியது தன் கண்தான். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். பெரிய கிரேனிலிருந்து இறக்கிச் சின்னதில் போட்டார்கள். கண் டாக்டர் பார்வை பழுதில்லை என்று சொல்லியும் கேட்காமல் சண்டை போட்டு ஒரு கண்ணாடி வாங்கினார். வெறும் கண்ணாடி. அன்று முதல் அதைக் கழற்றியதில்லை. அந்த ஹெல்பரை எங்கே பார்த்தாலும் எதிர்ப்பக்கம் மாறிப் போனார்.

இப்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கம்பிக்கட்டு விழுந்தப்ப அவன் என்ன காட்டினான்னு உன்கிட்ட சொல்லியிருக்கானா?"

"முஷ்டின்னு சொன்னாரு."

"எப்படிச் சொன்னான்?"

"எப்படின்னா? வாயாலதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. அது சிரிப்பு இல்லை.

கூடத்துக்கு வந்தார். ரேடியோவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வாய் மூடியிருந்தது, பழக்கமில்லாத இடத்தில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி. வலது கை நெஞ்சின்மேல் கிடந்தது. முஷ்டியும் இல்லை, விரிந்த உள்ளங்கையும் இல்லை. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. குனிந்து பார்த்தார். நகத்தைப் பார்த்தார், பழைய கம்பி கிழித்த தழும்பைப் பார்த்தார். அது எதையும் காட்டவில்லை. ஒரு காலத்தில் தூக்கு, இறக்கு, நில் என்று ஒரு பாஷையே குடியிருந்த இடம். காலி செய்துகொண்டு போய்விட்டது. இப்போது அது வெறும் கை. அதை அவர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"ஏன்டா?" என்றார் மெதுவாக. பக்கத்தில் இருந்த பெண், அவர் அழுகிறார் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

கீழே ஹாரன் அடித்தது. எடுத்துப் போகிற வண்டி வந்துவிட்டது. தெரு ஒடுக்கம், ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் மதில். வாசல்வரைக்கும் வண்டி பின்னோக்கித்தான் வரவேண்டும். மறுபடி ஆளாளுக்குக் கத்தினார்கள்: வா, வா, ஸ்டீரிங்கை ஒடி, நேராக்கு. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"எல்லாரும் கத்தினா நான் யாரைக் கேக்குறது? பெரியவரே, நீங்க ஒருத்தர் பின்னால நின்னு கையைக் காட்டுங்க. போதும்."

கிரேன்காரர் சுற்றிலும் பார்த்தார். அவரைத்தான். வாழ்நாள் முழுக்கக் கையைப் பார்த்தவர், காட்டியதில்லை. வாசலில் போய் நின்று கையை உயர்த்தினார்.

பக்கக் கண்ணாடியில் டிரைவரின் கண்கள் தெரிந்தன. அவை சாக்கடையைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தன. கிரேன்காரர் விரல்களை அசைத்தார், வண்டி வந்தது. கொஞ்சம் இடது என்று காட்டினார்; இடது வந்தது. சின்னப் பையன் மாதிரி, சொன்னபடியெல்லாம் வந்தது. மேலே கூடத்தில் ஆட்கள் பெட்டியைச் சுற்றிக் கூடுகிற சத்தமும், தங்கையின் குரலும் கேட்டன.

அவர் முஷ்டியை மூடினார். வண்டி நின்றது.

"அண்ணே, இன்னும் இடம் இருக்கே" என்றார் வெல்டர். "ஒரு வண்டி நீளம் இருக்கு."

டிரைவர் இன்ஜினை அணைக்காமல் கண்ணாடியில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே?"

முஷ்டி அப்படியே இருந்தது.