கருணைக்கு மூணு சுழி

இயக்குநர் திரைக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும், புரூஃப் அக்கா பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு எதையும் சும்மா படிக்க வராது.

கதை அவளுடைய முதல் கணவரைப் பற்றியது. அதே அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ராணுவ ஆட்சிக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் அடித்தார், வேலைநிறுத்தம் நடத்தினார், பிடிபட்டார். முப்பத்தோராவது வயதில் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். அந்த ஆட்சி போன பிறகு ஒரு மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்; அதில் எந்நேரமும் வண்டிகள் நகராமல் நிற்கும். இப்போது சினிமா.

புத்தகத்தில் இருநூற்றுப் பதினாலு பிழைகள் தேறின. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, இருபத்தாறு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிற இரண்டாவது கணவர் அதில் எங்குமே இல்லை.

"என்னைச் சாகடிச்சுட்டாங்களா?" என்று கேட்டார் அவர். குழாய் வேலைக்காரரான அவருடைய தலை அப்போது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்தது.

"இல்லங்க. நீங்க பொறக்கவே இல்ல."

"அப்ப இந்தக் குழாய யாரு மாட்டிட்டிருக்கறது?"

சம்மதக் கடிதத்தோடு காத்திருந்த இயக்குநர் நெளிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தியாகியோட மனைவி மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு காட்டினா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க."

"ஜனங்களைக் கேட்டுக்கிட்டா பண்ணிக்கிட்டேன்?"

ஆனாலும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டு திட்டுகிறவர்களுக்கு, யார் பெயரைச் சொல்லித் திட்டுகிறோம் என்றாவது தெரியட்டுமே. ஒரே ஒரு நிபந்தனை: சிறைக் காட்சியை எடுக்கும்போது தானும் கணவரும் அங்கே இருக்க வேண்டும்.

பழைய சோப்புக் கிடங்கு ஒன்றில் சிறை போட்டிருந்தார்கள். கதாநாயகனின் புஜங்களைப் பார்த்தால், இந்த ஆள் ஏன் இன்னும் கம்பியை வளைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்கத் தோன்றும். அசல் ஆள் மழைக்கோட்டு போட்டால் கோட்டு மட்டும் தனியாக நடந்து போவதுபோல இருக்கும்.

கடைசிச் சந்திப்பு. கதாநாயகன் கருணை மனுவைச் சுக்குநூறாகக் கிழித்தெறிந்துவிட்டு விடியல், ரத்தம், வரலாறு என்று பொழிந்தார். மனைவியாக நடித்த பெண்ணுக்கு வசனமே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கிளிசரின் வற்றும்வரை அழுவதுதான் வேலை.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்களுக்குக் குடுத்ததே பத்து நிமிஷம். இவர் பேச்சு மட்டும் பன்னண்டு நிமிஷம் ஓடுது."

"அப்ப உண்மையில என்னதான் பேசினீங்க?"

"பேசலை. சண்டை போட்டோம்."

அவள் சொன்னாள். மனுவை அதிகாரிகளே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் உயிர் மிஞ்சும். அவர் அதைக் கம்பி வழியாக அவளிடம் நீட்டி, படித்துப் பார் என்றார்.

"பதினோரு பிழை. முதல் வரியிலேயே கருணைக்கு ரெண்டு சுழி. 'மூணு சுழி போடத் தெரியாதவன்கிட்டப் போய் நான் கருணை கேக்கவா'ன்னு சிரிக்கிறார். இத்தனைக்கும் இவர் கோக்கிற பக்கத்துல நான் இருபது பிழை எடுப்பேன். 'நான் திருத்தித் தர்றேன், நீ கையெழுத்தப் போடுய்யா'ன்னு கத்தினேன்."

முதலில் சிரித்தது விளக்குப் பிடிப்பவர். அப்புறம் அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்த இடத்துல ஜனங்க சிரிச்சா படம் படுத்துடும்மா," என்றார் இயக்குநர்.

"ஒரு தடவை செஞ்சு பாக்கலாம் சார்," என்றார் கதாநாயகன். "எனக்கு அந்தப் பன்னண்டு நிமிஷம் இன்னும் மனப்பாடமே ஆகல."

செய்து பார்த்தார்கள். இருபது நாளாகக் கண்ணீரைத் தவிர வேறெதுவும் கிடைக்காத அந்தப் பெண், கிடைத்த ஒரு வரியை விடவில்லை. "கையெழுத்தப் போடுய்யா" என்று கத்தும்போது அவள் குரல் நடுவில் உடைந்தது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

கணவர் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தார். ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதர் இல்லை. மூடியைத் திறந்து நீட்டினார்.

"பத்து நிமிஷம்னு சொன்னேன்ல. நான் எட்டு நிமிஷத்துலயே எழுந்து வந்துட்டேங்க," என்றாள். "அவ்வளவு கோவம். பின்னாடி கூப்பிட்டார். திரும்பிப் பாக்கல."

இருபத்தாறு வருடத்தில் இதை அவர் கேட்பது முதல்முறை. கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"உள்ள போய்ச் சொல்லப் போறியா?"

"சொல்லலைன்னா அந்தப் பொண்ணு மணி அடிக்கிற வரைக்கும் கம்பியப் பிடிச்சிட்டு நிப்பா. எனக்கு அது சரியாப் படலை."

உள்ளே போய்ச் சொன்னாள். இயக்குநர் வசனத் தாளை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"இதை வச்சா உங்களைத் திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும். இப்ப தப்பால்ல புகழுறாங்க."

படம் வந்தது. தயாரிப்பாளர் பன்னிரண்டு நிமிடப் பேச்சை வீணாக்க மனமில்லாமல் சுவரோரக் காட்சிக்கு மாற்றியிருந்தார். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி கைவலியோடு முழுவதையும் கேட்டார்கள். ஆனால் சந்திப்புக் காட்சி அப்படியே இருந்தது. சுழி வசனத்துக்குக் கொட்டகை சிரித்தது. மனைவி எழுந்து போனாள். கேமரா அவளோடு போகாமல் அவரிடமே நின்றது. அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, காவலாளியிடம் ஏதோ சொன்னார். காவலாளி சிரித்துவிட்டார். மணி அடிக்கும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் இயக்குநரின் கற்பனை. அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நிமிடம் அவள் இமைக்கவில்லை.

பின் வரிசையில் ஒரு பெண்மணி முணுமுணுத்தார். "சாகப்போற புருஷன்கிட்ட இப்படியா நடந்துக்குவா ஒருத்தி?"

குழாய்க்காரர் திரும்பினார். "உயிரோட இருக்கிறவன்கிட்டயும் இப்படித்தாங்க நடந்துக்குவா."

"முன்னாடி பாருங்க," என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.