பதினேழாம் எண் வீட்டின் எட்டாம் மாதம்

பதினேழாம் எண் வீட்டு மருமகளுக்கு எட்டாம் மாதம் நான்கு வருடம் நீடித்தது. அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாசலில் அடித்த பித்தளைத் தகடுதான் காரணம். 'பாரம்பரியச் சின்னம். எந்த மாற்றமும் செய்யக் கூடாது' என்று அதில் பொறித்திருந்தது. இந்த ஊரில் எச்சில் துப்பாதே, சுவரொட்டி ஒட்டாதே என்று எத்தனையோ பலகைகள் உண்டு, ஒன்றையும் யாரும் மதித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் வீடு மதித்துத் தொலைத்தது.

இது தங்கம் எடுத்த ஊர். தங்கம் தீர்ந்ததும் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பத்து வருடம் ஊர் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பிறகு, தோண்டிய பள்ளத்தையே காட்டலாமே என்று யாருக்கோ தோன்றியது. தங்கம் போல இல்லை, பள்ளம் தீராத சரக்கு. தங்கத்தை எடைபோட்ட அறையில் பாரம்பரிய அலுவலகம் வந்தது. ஆள் இறங்குகிற இரும்புக் கூண்டுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். பாறை அரைத்துக் கொட்டிய மணல் மேட்டுக்கு மஞ்சள் குன்று என்று பெயர் வைத்து, அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு வளைவும் கட்டினார்கள். பேருந்துகள் வர ஆரம்பித்தன. வந்தவர்களைச் சுற்றிக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. அப்படி வேலைக்கு வந்தவன்தான் அந்த மருமகளின் புருஷன் ஸ்பீக்கர்.

இடுப்பில் சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு திரிந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். நல்ல பேச்சுக்காரன். கடைசித் தங்கக் கட்டியை ஒளித்துவைத்த இடம் என்று ஒரே பயணத்தில் நான்கு இடங்களைக் காட்டுவான், நான்கிலும் கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். தொழிலாளர் குடியிருப்பில் இருந்த அவனுடைய சொந்த வீட்டையும் சுற்றுலாவில் சேர்க்க வேண்டும் என்று மனு எழுதிப் போட்டவன் அவனேதான். முதல் தங்க ரேகையைக் கண்டுபிடித்தவர் வாழ்ந்த வீடு என்று மனுவில் இருந்தது. அவனுடைய அப்பா சுரங்கக் கேன்டீனில் முப்பது வருடம் வெங்காயம் உரித்தவர். மனுவின் உண்மையான நோக்கம், பயணத்துக்கு நடுவில் வீட்டுக்கு வந்து சூடாக ஒரு வாய் சாப்பிட்டுக்கொள்வது. குடியிருப்பில் நாற்பது வீடுகள், நாற்பதும் ஒரே அச்சு. அலுவலகம் பதினேழை ஏற்றுக்கொண்டதற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் இருந்தது. அதன் எதிரில்தான் பேருந்து திரும்ப இடம் இருந்தது.

தகடு அடிப்பதற்கு முன் வீட்டிலுள்ள பொருள்களைப் பட்டியல் எடுக்க ஓர் எழுத்தர் வந்தார். பார்க்காததை எழுதாத மனிதர். ஓடு எத்தனை என்று எழுதக் கூரைமேல் ஏறி எண்ணியவர். 'வீட்டினுள் உள்ள யாவும்' என்று படிவத்தில் போட்டிருந்தபடியால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை யாவற்றையும் எழுதினார். தம்ளர் ஆறு. அரிசி அரை டின். சோப்பு ஒன்று, பாதி கரைந்தது. மாமியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று விசாரித்து, மாமியார் ஒன்று, பல்வலி ஒன்று என்று தனித்தனியாக எழுதினார். அடுத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவதாக மருமகள் ஒன்று, இருநூறாவதாக வயிற்றில் குழந்தை ஒன்று. ஸ்பீக்கர் அன்று முழுக்கச் சுரங்க வாயிலில் ஒரு கூட்டத்தோடு கத்திக்கொண்டிருந்ததால் பட்டியலில் ஏறாமல் தப்பினான். அலுவலகத் தலைவி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் தகடு ஏறியது.

அதன் பிறகு தினமும் மாலை ஐந்து மணிக்கு, அதாவது அலுவலகம் மூடுகிற நேரத்துக்கு, பட்டியலில் இருந்ததெல்லாம் பட்டியல் எழுதிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்பியது. முதலில் வீட்டாருக்கு ஒரே கொண்டாட்டம். சோப்பு தேயவில்லை, அரிசி குறையவில்லை. இரண்டு நாளில் விஷயம் பிடிபட்டது. டின்னிலிருந்து எடுத்துப் பொங்கித் தின்ற சோறு ஐந்து மணிக்கு வயிற்றிலிருந்து டின்னுக்கே போய்விடும், எல்லோரும் பசியோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கிய சர்க்கரை அவள் குடித்துக்கொண்டிருந்த காபியிலிருந்து திரும்பி வந்தது. அதிலிருந்து அவள் இந்த வீட்டோடு பேசுவதில்லை. மாமியார் வலித்த பல்லை மூன்று முறை பிடுங்கினாள், மூன்று முறையும் ஐந்து மணிக்கு அது வலியோடு வந்து உட்கார்ந்தது. தகட்டைக் கழற்றி எறிந்தும் பார்த்தார்கள். மெருகேறித் திரும்பி வந்தது.

மருமகளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் படுக்க வைத்தார்கள். ஐந்து மணிக்குக் கட்டில் காலியானது. அவள் பழைய சேலையில், கையில் கரண்டியோடு, வீட்டு அடுப்படியில் நின்றாள். டாக்டர் நாலு நாள் பார்த்துவிட்டு, தேவைப்படுகிறவர்களுக்குக் கட்டில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். அவள் உடம்பு ஒரு நாள்கூட முன்னே போகவில்லை. ஞாபகத்தைப் பட்டியலில் எழுதாததால் அது மட்டும் சேர்ந்துகொண்டே போனது. நான்கு வருடமாக உள்ளே இருந்து உதைக்கிற குழந்தையோடு அவள் பேசிய பேச்சையெல்லாம் அவள் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தாள். இரண்டு சின்னச் சட்டைகள் தைத்தாள். தைத்த சட்டை புதுப்பொருள், எங்கேயும் போகவில்லை, அலமாரியில் பழுப்பேறியது. அதைப் பார்க்கும்போது மட்டும் அவள் அழுவாள்.

அலுவலகத்துக்கு மனு கொடுத்தார்கள். பிரசவம் என்பது பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் புதிய சேர்க்கை என்று பதில் வந்தது. சேர்க்கை அந்தக் காலத்துப் பொருள்களாலேயே அமைய வேண்டும், தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது, வரைபடம் மூன்று பிரதி இணைக்க வேண்டும். வேண்டுமானால் வீட்டு உரிமையாளர் சின்னமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். மருமகள் அந்தப் படிவத்தை வாங்கித் தன் கையாலேயே நிரப்பிப் புருஷனிடம் கொடுத்தாள். பிறகு கேட்டபோதெல்லாம், கொடுத்துவிட்டேன், மேலிடத்தில் இருக்கிறது என்றான். மேலிடம் பதினான்கு மாதம் மௌனமாக இருந்தது.

இதற்குள் வீடு பிரபலமாகிவிட்டது. மஞ்சள் குன்றில் ஏற மூச்சு வாங்கியவர்கள்கூட எட்டாம் மாத வீட்டைப் பார்க்காமல் பேருந்து ஏறுவதில்லை. ஸ்பீக்கர் கதையை நன்றாக வளர்த்துவிட்டான். தங்கம் தோண்டிய வம்சத்தின் கடைசி வாரிசு, தங்கம் திரும்பக் கிடைக்கும்வரை வெளியே வர மாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பான். கூட்டம் 'ஐயோ பாவம்' என்று சொல்லிக்கொண்டே படம் எடுக்கும். ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டும். உதைக்கிறதா என்று கேட்காத ஆள் கிடையாது. மாமியாரைப் பார்த்து, இந்த அம்மா ஏன் எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்றும் கேட்பார்கள். அலுவலகம் அவனைத் தலைமை வழிகாட்டி ஆக்கி, ஜரிகை வைத்த தொப்பி ஒன்றைக் கொடுத்தது. தொப்பிக்குக் கீழே முடி நரைக்க ஆரம்பித்திருந்தது. அவனுக்குத்தான் வயது ஏறுமே.

ஒரு நாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி தானாகக் கரகரத்தது. அணைக்கலாம் என்று மருமகள் பேட்டரி மூடியைத் திறந்தாள். பேட்டரி ஆடாமல் இருக்க நாலாக மடித்துச் செருகிய ஒரு காகிதம் இருந்தது. பிரித்தாள். அவளுடைய கையெழுத்து. பதினான்கு மாதத்துக்கு முன் அவள் நிரப்பிக் கொடுத்த அதே படிவம். அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"என்னங்க இது?"

ஊரையே பேசி மயக்குகிறவனுக்கு அப்போது ஒரு பொய்கூட அகப்படவில்லை.

"பேட்டரி லூஸா இருந்துச்சு" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்த ஒரு சீசன் போகட்டும்னு நெனச்சேன்" என்றான்.

"உங்களுக்கு நாப்பது ஆகப்போகுது" என்றாள் அவள். "வயித்துல இருக்கறதுக்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகல."

அவள் கத்தியிருந்தால் அவன் எதிர்த்துப் பேசியிருப்பான். கத்தவில்லை. அவனுக்கு அவமானத்தில் முகம் சுருங்கிப் போனது. கை கழுவாமலேயே எழுந்து, கையெழுத்துப் போட்டு, அலுவலகத்துக்கு ஓடினான். தலைவி படிவத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. விலகும் திட்டம் போன மாதத்தோடு முடிந்தது, அதுவுமில்லாமல் ஊரிலேயே அதிகம் பேர் பார்க்கிற சின்னத்தை யாராவது கைவிடுவார்களா என்று கேட்டாள். புதிய விளம்பரத் தாளையும் காட்டினாள். அட்டையில் அவன் மனைவியின் வயிறு இருந்தது. திரும்பி வந்து அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த மாதம் வருடாந்திரச் சரிபார்ப்புக்கு எழுத்தர் வந்தார். தம்ளரைத் தொட்டு எண்ணினார், சோப்பை முகர்ந்து பார்த்தார், கூரை ஏறி இறங்கினார். மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்படிக்கு வந்து சேர்ந்தார்.

"நூத்தித் தொண்ணூத்தொம்பது, மருமகள் ஒன்று."

"இருக்கேன் சார்."

குறியிட்டார். "எரநூறு, வயிற்றில் குழந்தை ஒன்று." பென்சில் மறுபடி தாளைத் தொடப் போனது.

"பாத்தீங்களா சார்?" என்றாள்.

"அதான் தெரியுதேம்மா."

"உங்களுக்குத் தெரியுறது என் வயிறு. அது நூத்தித் தொண்ணூத்தொம்பதுலயே வந்துடுச்சு. எரநூறைப் பாத்தீங்களா?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவள் வயிற்றையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்காத ஒன்றுக்கு நான்கு வருடமாகக் குறியிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முக்காலியில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு ஸ்கேல் வைத்து இருநூறாவது வரியை அடித்து, பக்கத்தில் 'நேரில் காணப்படவில்லை, நீக்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார் முன்னால் வந்தாள்.

"அப்போ என் பல்வலிய மட்டும் யாரு பாத்தாங்களாம்?"

எழுத்தர் ஸ்கேலை மறுபடி வைத்து அதையும் அடித்தார். மாமியார் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். சுற்றுலாப் பேருந்தை வாசலில் விட்டுவிட்டுச் சாப்பிட உள்ளே வந்த ஸ்பீக்கருக்கே, நான்கு வருடத்தில் முதல் முறையாகப் பார்த்த அவளுடைய முழு முகம் யாரோ என்று இருந்தது. ஆனால் அதை வியக்க நேரம் இல்லை, மருமகள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி எடுத்துவிட்டது.

சுற்றுலாப் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்த முப்பது பேரும் இதுவும் பயணத்தில் சேர்ந்தது என்று நினைத்துக் கை தட்டினார்கள். நாலு நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, நல்ல கறுத்த முடி. துடைத்துத் தாயின் மார்மேல் போட்டார்கள். அவள் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு எண்ணியிருந்தபோது ஐந்து அடித்தது. கட்டில் காலியானது, குழந்தை விரிப்பில் கிடந்து அழுதது. அவள் அடுப்படியில் கரண்டியோடு நின்றாள். வயிறு தட்டையாக இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினாள். பாதி வழியில் ஸ்பீக்கர் எதிரில் வந்தான். இடுப்பில் ஒலிபெருக்கி இல்லை. இரண்டு கையிலும் குழந்தையை ஏந்தியிருந்தான், அவனும் அழுதுகொண்டிருந்தான். அவள் குழந்தையை வாங்கி, நடுத்தெருவிலேயே உட்கார்ந்து, மிச்சம் நாலு விரல்களையும் எண்ணினாள்.

குழந்தை பட்டியலில் இல்லாததால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. ஆகவே அது நன்றாக வளர்ந்தது. பார்க்க வயிறு இல்லையென்று பேருந்துகள் மஞ்சள் குன்றுக்கே திரும்பின. ஸ்பீக்கரிடமிருந்து தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அவனும் முணுமுணுக்காமல் கொடுத்தான். மனைவியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட அவன் ஒவ்வொரு வருடமும் எழுத்தரிடம் கெஞ்சினான். கண்ணுக்கு முன்னால் நிற்கிறவரை எப்படி அடிப்பது என்று அவர் வருத்தப்பட்டார். ஒரு வருடம் அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். எழுத்தர் பொறுமையாக ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்து, அடுப்படியில் கரண்டியோடு நின்றவளுக்கு வணக்கம் சொல்லி, குறியிட்டுவிட்டுப் போனார். அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர்களும் கண் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள். மகள் பள்ளி முடித்தாள், சர்வேயர் வேலைக்குப் போனாள். ஸ்பீக்கர் கிழவனாகி ஒரு மழைக்காலத்தில் இறந்தான். மாமியாரும் பட்டியலில் இருந்தபடியால், மகனைவிட இளையவளாக நின்று அவனை வழியனுப்பினாள். சடங்குக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அவன் மனைவியைப் பேத்தி என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். இருபத்தாறு வயது முகத்தோடு அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

மகளுக்கு நாற்பத்தெட்டு ஆன வருடம் இரண்டு பேரும் சேலை எடுக்கக் கடைக்குப் போனார்கள். கடை புதிது, கடைக்காரர் வெளியூர். இருபது வருடத்துக்கு முன்பெல்லாம் இந்த மாதிரி இடத்தில் தங்கச்சியா என்று கேட்பார்கள், மகள் விளக்கம் சொல்லி மாய்ந்துபோவாள். இவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, அம்மாவைக் காட்டி மகளிடம், "பொண்ணாம்மா?" என்று கேட்டார். மகள் களைத்திருந்தாள், முழங்கால் வலித்தது. "ஆமாங்க" என்றாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மகளுக்குப் பின்னால் போட்டு, "அம்மாவுக்கு முதல்ல எடுத்துப் போடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.